ஆடிக் கொடையில் விழுந்த கோடுகள்: ஒரு மிரர்லெஸ் கேமராவின் நிழல் கோளாறு

ஆடி கடைசி வெள்ளி முடிந்து இரண்டு நாள் கழித்து, பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு ஒரு தம்பி வந்தான். சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா என்று நாலைந்து வருஷமாகப் படம் எடுக்கிறான். தோளில் கேமராப் பை. முகத்தைப் பார்த்தால் மூன்று ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, சென்சார் போச்சுன்னு சொல்லுதாவ. மாத்தணுமாம்."

"யாருடே சொன்னா?"

"சர்வீஸ் சென்டர்ல. போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்புனேன். பாத்துட்டு, கேமரா விலையில பாதி ஆகும்னாவ."

வாட்ஸ்அப் படத்தை வைத்துச் சென்சாருக்கு, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லுக்கு, நாடி பிடித்த கதையைக் கேட்ட பிறகுதான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது. அடுத்த நான்கு நாள் அந்தக் கேமரா என் மேஜையில்தான் கிடந்தது. பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். கொடை எடுக்கிற பையன்கள் பலருக்கும் இதே கோளாறு வருகிறது, பலரும் இதே தப்பான காரணத்தைச் சொல்கிறார்கள்.

எடுத்தது சுடலைமாடன் கோயில் கொடை. வியாழக்கிழமை குடியழைப்பு, வெள்ளி கொடை. சாயங்காலம் வில்லுப்பாட்டு, அப்புறம் கணியான் கூத்து, நடுச்சாமத்தில் சாமக்கொடை. பந்தல் முழுக்க மலிவு எல்.இ.டி. டியூப், சுற்றிலும் சீரியல் செட், கோயில் வாசலில் கலர் மாறும் பார் லைட் நான்கு, சாமியாடும் இடத்துக்குப் பின்னால் மூங்கிலில் கட்டிய பெரிய ஹாலஜன் ஃபோகஸ் லைட் இரண்டு. கரண்ட் பாதி நேரம் ஜெனரேட்டரில். கேமரா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ். ராத்திரி முழுக்க ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஐஎஸ்ஓ (சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற எண்) 500. படத்தில் ஃபோகஸ் லைட் வெறும் வெள்ளையாக வெடித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் நான்கு ஸ்டாப் தூக்கியிருக்கிறான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு.

இன்னொன்றையும் செய்திருக்கிறான், அதை நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான். வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கும்போது, மைக்கில் டிக் டிக் என்று ஷட்டர் சத்தம் விழுவதாகப் பாட்டை நடத்தும் அண்ணாவி கோபப்பட்டிருக்கிறார். குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவே இவன் ஒரு தாளம் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? உடனே சைலன்ட் மோடு போட்டவன், விடியும்வரை அதை எடுக்கவே இல்லை.

முதல் வேலையாக வாட்ஸ்அப் படங்களை ஒதுக்கிவிட்டு ரா ஃபைல்களை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் வைத்திருக்கும் மூலப் படங்களைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் போகும் ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. வெளிச்சமான இடத்தில் அது கண்ணில் படாது. இருட்டில், அதுவும் போன் பிரைட்னஸை முழுக்க ஏற்றிப் பார்க்கிறவர் கையில், அந்தக் கட்டங்கள் ஒட்டுப்போட்ட சாக்குத் துணி மாதிரி தெரியும். கொடைக் கமிட்டிக்காரர்கள் 'படமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு' என்று சத்தம் போட்டதில் பாதி இதுதான். ராவில் அது இல்லை.

ஆனால் ராவிலும் மீதி இருந்தது. தம்பி எல்லாவற்றையும் 'நாய்ஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். சர்வீஸ் சென்டர்காரரும் அப்படியே. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று வேறு வேறு சங்கதி. சில படங்களில் அகலமான பட்டைகள், மேலிருந்து கீழே வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி. சிலவற்றில் மெல்லிய கோடுகள், நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி, ஒரே இடைவெளியில். மற்றவற்றில் வெறும் மணல்: கறுப்பு வேட்டியிலும் இருட்டு மூலையிலும் பச்சையும் ஊதாவுமாகக் கலர் திட்டு.

மூடியைப் போட்டு ஒரு படம்

சென்சார் போய்விட்டதா என்று பார்க்க சர்வீஸ் சென்டர் தேவையில்லை. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 500-இல் பத்துப் படம், 6400-இல் பத்துப் படம். அப்புறம் கம்ப்யூட்டரில் ஐந்து ஸ்டாப் தூக்கிப் பார்த்தோம். சென்சாரிலோ அதன் மின்சுற்றிலோ கோளாறு இருந்தால், வெளிச்சமே இல்லாதபோதும் கோடு வரும். பத்துப் படத்திலும் அதே வரிசையில் வந்தால் அது நிலையான கோளாறு. படத்துக்குப் படம் இடம் மாறினால், சிக்னலைப் படிக்கும்போது வரிசை வரிசையாகச் சேரும் இரைச்சல்.

எங்களுக்கு வந்தது சீரான மணல் மட்டும். கோடும் இல்லை, பட்டையும் இல்லை. சாதாரணக் கேமராவில் எதிர்பார்ப்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தம்பி முகத்தில் பாதி உயிர் வந்தது. மீதி பாதி வரவில்லை. கோடு எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லையே.

பட்டையை எண்ணினால்

அகலப் பட்டைகளைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு முறை ஏறி இறங்குவதால் மலிவு எல்.இ.டி. டியூப் நொடிக்கு 100 தடவை மின்னி மங்கும். உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில் நல்ல கெப்பாசிட்டர் போட்டிருந்தால் இது சமனாகிவிடும். வாடகைப் பந்தல் டியூபில் அதை எதிர்பார்க்க முடியாது. ஹாலஜனும் அதே 100 தடவைதான். ஆனால் இழை சூடாகவே இருப்பதால் அவ்வளவு மங்காது. பழைய குண்டு பல்பும் அப்படித்தான்.

நம் கண் இதைப் பிடிக்காது. தம்பிக்குக் காட்ட ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஸ்டுடியோ டியூப் லைட் முன்னால் வேகமாக ஆட்டினேன். ஒரு குச்சி பத்துக் குச்சியாக விசிறி மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. அதையே ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் ஆட்டினால் வெறும் மங்கல்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் செய்யக்கூடிய சோதனை இது, காசு செலவில்லை.

சைலன்ட் மோடு என்பது எலக்ட்ரானிக் ஷட்டர். திரை எதுவும் ஓடுவதில்லை. சென்சாரின் வரிசைகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருகிறது. முதல் வரிசை படித்த நேரமும் கடைசி வரிசை படித்த நேரமும் வேறு. இடையில் விளக்கு எத்தனை தடவை மின்னியதோ, படத்தில் அத்தனை பட்டை.

வெள்ளைச் சுவரை அந்த டியூப் வெளிச்சத்தில் 1/1000-இல் சைலன்ட் மோடில் எடுத்தோம். தம்பியையே எண்ணச் சொன்னேன். ஆறு முழுப் பட்டை, கடைசியில் ஒரு அரை. ஒரு பட்டைக்கு 10 மில்லி நொடி. ஆக இந்தக் கேமரா மேலிருந்து கீழே படித்து முடிக்க 65 மில்லி நொடி, ஏறக்குறைய 1/15 நொடி எடுத்துக்கொள்கிறது. கேமராப் பெட்டியில் இந்த எண் அச்சாகியிருக்காது. எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

மெக்கானிக்கல் ஷட்டரில் திரை சென்சாரைக் கடக்க ஏறக்குறைய 4 மில்லி நொடிதான். விளக்கின் ஒரு துடிப்பில் பாதிகூட இல்லை. அதனால் அதே சுவரில் பட்டை விழவில்லை. ஆனால் 1/200-இல் ஐந்தாறு படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்று வெளிச்சம், ஒன்று மங்கல், ஒன்றில் பாதி மங்கல் என்று வரும். 1/100-க்கு இறக்கினால் இரண்டு ஷட்டரிலும் பிரச்சினை அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைத்துவிடுகிறதல்லவா?

ஜெனரேட்டரில் 50 அச்சாக 50-ஆக இருக்காது. லோடு ஏறினால் தாழும், இறங்கினால் கூடும். அந்த நேரத்துப் படங்களில் 1/100-இலும் மெல்லிய சாயல் ஒன்று மிஞ்சும். பெரிதாகத் தெரியாது.

பார் லைட்தான் கொஞ்சம் வேறு ஜாதி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் கலரைக் குறைக்கும் கூட்டும். அது கரண்டைவிட வேகமான துடிப்பு. அதனால்தான் கோயில் வாசல் படங்களில் பட்டை மெல்லியதாக, கலர் கலராக விழுந்திருந்தது. சுடலையின் வெள்ளை மீசையில் ஒரு ஊதாக் கோடு, ஒரு பச்சைக் கோடு. பார்க்க அழகாகக்கூட இருந்தது என்று சொன்னால் தம்பி அடிக்க வருவான்.

ஃபோகஸ் லைட்டுக்கு எதிரே

நோட்டுப் புத்தகக் கோடுகள் அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. மொத்தத்தில் சொற்பப் படங்கள்தான். எல்லாமே நல்ல படங்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு திரும்புகிறார், பின்னால் ஃபோகஸ் லைட், புகை, மகுடம் என்ற தோல் வாத்தியத்தை அடிக்கிறவரின் கை பாதிக் காற்றில். அந்த மாதிரிப் படங்கள்.

இருநூறு சதவீதம் பெரிதாக்கி எண்ணினேன். பன்னிரண்டு பிக்சலுக்கு ஒரு கோடு. அடுத்த படத்தைத் திறந்தேன், அதே வரிசைகளில் அதே கோடு. விளக்குத் துடிப்பால் வந்தால் படத்துக்குப் படம் நகரும். வெள்ளைப் பகுதியிலும் தெரியும். இது நகரவில்லை, நிழலில் மட்டும்தான் இருந்தது. சர்வீஸ்காரர் சென்சார் என்று முடிவு கட்டியதும் இந்த நகராமையைப் பார்த்துத்தான் இருக்கும். மூடி போட்ட படத்தில் இது ஏன் வரவில்லை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸ் பார்க்கிற கருவி கண்ணாடிக்குக் கீழே தனியாக இருந்தது. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது, அதனால் அந்தக் கருவிக்கும் இடமில்லை. 2008-இல் வந்த முதல் மிரர்லெஸ்ஸான பானசோனிக் ஜி1, படத்தின் கூர்மையைப் பார்த்துப் பார்த்தே ஃபோகஸ் செய்தது. 2011-இல் நிக்கான் 1 வரிசை, ஃபோகஸ் பார்க்கும் பிக்சல்களைச் சென்சாருக்குள்ளேயே வைத்தது. இப்போது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த வழிதான். பல கேமராக்களில் சில வரிசைக்கு ஒரு வரிசையில் இந்தப் பிக்சல்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பாதியையும் உலோகத் திரை மறைத்திருக்கும், லென்ஸின் இடது பக்கத்து ஒளியையும் வலது பக்கத்து ஒளியையும் பிரித்துப் பார்ப்பதற்காக. பாதி மறைந்த பிக்சல் படத்துக்கு உதவாது. அதனால் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து அந்த இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது கேமரா. கேனன் 2013-இல் 70டி-யில் கொண்டுவந்த முறையில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிரிந்திருக்கும், மறைப்பு கிடையாது. அங்கே இந்தக் கதையும் குறைவு.

அந்தக் கணக்கு சாதாரண வெளிச்சத்தில் பிசகுவதில்லை. ஃபோகஸ் லைட் நேராக லென்ஸுக்குள் அடிக்கும்போது, சென்சார் பளபளப்பில் பட்ட ஒளி லென்ஸின் கடைசி வில்லைக்குப் போய்த் திரும்பவும் சென்சார் மேல் விழுகிறது. தாறுமாறான கோணத்தில் வரும் இந்த ஒளியை மறைப்புப் பிக்சல்கள் இருக்கும் வரிசை ஒரு மாதிரி வாங்குகிறது, மற்ற வரிசைகள் வேறு மாதிரி வாங்குகின்றன. கணக்கு கொஞ்சம் தப்புகிறது. நிழலைத் தூக்கும்போது அந்தக் 'கொஞ்சம்' பதினாறு மடங்காகிக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஊகம் போதாது, செய்து பார்க்க வேண்டுமே. ஸ்டுடியோவில் கறுப்புத் துணி கட்டி, படத்தின் ஓரத்தில் ஒரு விளக்கை லென்ஸைப் பார்க்க வைத்தோம். இருட்டாக எடுத்து நான்கு ஸ்டாப் தூக்கினோம். பன்னிரண்டு பிக்சலுக்கு ஒரு கோடு, அச்சு அசல். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினோம், போகவில்லை. ஐஎஸ்ஓ மாற்றினோம், போகவில்லை. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் கோடும் நிமிர்ந்து நின்றது. தம்பி விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டினான். அந்தப் படத்தில் கோடே இல்லை. என்னிடம் இருந்த பழைய 50 எம்எம் லென்ஸைப் போட்டால் கோடு பாதிக்கு மேல் குறைந்தது. கடைசி வில்லையின் வளைவைப் பொறுத்தது போல.

"அப்போ இது கேமராவோட பிறவிக்குணமா அண்ணாச்சி?"

ஆமாம், பிறவிக்குணம்தான். நான்கு ஸ்டாப் தூக்காதவனுக்கு ஆயுசு முழுக்கத் தெரியாமலே போகலாம்.

மணல்

மிச்சம் இருந்தது வெறும் நாய்ஸ். இதில் கேமராவைத் திட்ட ஒன்றுமில்லை. ஒளி பொட்டுப் பொட்டாக விழுகிறது. ஐப்பசியில் முதல் தூறல் முற்றத்தில் விழும்போது ஒரு கல்லில் மூன்று சொட்டு, பக்கத்துக் கல்லில் ஒன்றுமில்லை. கொட்டித் தீர்த்த பிறகு எல்லாக் கல்லும் ஒரே ஈரம். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான், அதாவது ஒளிப் பொட்டு, விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், 100. அதாவது 1 சதவீதம். 100 மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். நான்கு ஸ்டாப் குறைத்து எடுத்தால் ஒளி பதினாறில் ஒரு பங்கு, மணல் நான்கு மடங்கு. எந்த மென்பொருளும் விழாத சொட்டை விழவைக்க முடியாது.

ஐஎஸ்ஓ-வைக் குறைவாக வைத்தால் நாய்ஸ் குறையும் என்பது தம்பியின் நம்பிக்கை. ஷட்டரும் துவாரமும் மாறாதபோது அது தலைகீழ். இப்போதைய சென்சார்கள் பலவற்றில் ஏதோ ஒரு ஐஎஸ்ஓ-வில், 400, 640, 800 என்று கேமராவுக்கு ஒன்றாக, உள்ளே சிக்னலைப் பெருக்கும் வழி மாறுகிறது. இவன் கேமராவில் அது 640. அதே ஷட்டர், அதே துவாரம் வைத்து 500-இல் ஒன்று, 640-இல் ஒன்று எடுத்து, ஒரே அளவுக்குத் தூக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 640 நிழல் பளிச்சென்று சுத்தம். ராத்திரி முழுக்க அந்த எல்லைக்கு ஒரு படி கீழேயே நின்றிருக்கிறான், பாவம்.

சைலன்ட் மோடு இதிலும் மூக்கை நுழைத்திருந்தது. இந்தக் கேமரா அந்த மோடில் 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெளிச்சத்தை 16,384 படியாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் 4,096 படிதான். குறைந்த ஐஎஸ்ஓ-வில், ஆழ்ந்த நிழலில் அந்த நஷ்டம் தெரியும். அந்தக் கலர் திட்டுக்களில் இதற்கும் பங்குண்டு.

நம் ஊர் வெயில்தான் நாய்ஸுக்குக் காரணம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 6 முதல் 8 டிகிரி ஏறினால் சென்சாரின் இருட்டு மின்னோட்டம், அதாவது ஒளி விழாமலே கசியும் மின்னோட்டம், இரட்டிப்பாகும் என்பது உண்மை. மணிமுத்தாறு அணைக்கட்டில் நின்று நட்சத்திரத்தை நாலு நிமிஷம் எடுக்கிறவர் கவலைப்படட்டும். 1/200 நொடியில் அது சேர்ந்து படத்தைக் கெடுக்க நேரமே கிடையாது.

ஆவணியில்

அடுத்த மாசம் முக்கூடல் பக்கம் இன்னொரு கொடை. இந்தத் தடவை நானும் கூடப் போனேன், சாமக்கொடை பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. வில்லுப்பாட்டுக்கு மட்டும் சைலன்ட் மோடு, அதுவும் 1/100-இல். மற்ற நேரம் மெக்கானிக்கல் ஷட்டர். ஐஎஸ்ஓ 2500, 3200. ஃபோகஸ் லைட் வெடித்தால் வெடிக்கட்டும், விளக்கு என்றால் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று சொன்னதை முதல் ஒரு மணி நேரம் தம்பி நம்பவே இல்லை.

சாமியாட்டத்தில் 1/100 போதவில்லை. பந்தம் சுற்றும் கை கரைந்துபோனது. எனக்குப் பிடித்திருந்தது, அவனுக்குப் பிடிக்கவில்லை. 1/200-க்கு ஏற்றி, கேமராவின் ஃப்ளிக்கர் தவிர்க்கும் வசதியைப் போட்டான். விளக்கின் உச்சத் துடிப்புக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதி அது. ஒரு விநாடிக்கு வரும் படங்கள் கொஞ்சம் குறைந்தன, வெளிச்சம் ஏறி இறங்குவது நின்றது.

ஃபோகஸ் லைட்டுக்கு வழி அங்கேயே கிடைத்தது. பந்தல் மூங்கிலுக்கு இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால், மூங்கில் சரியாக விளக்கை மறைக்கிறது. சாமியாடியின் தோளில் ஒளி விளிம்பு அப்படியே இருக்கிறது. லென்ஸில் நேரடி வெளிச்சம் விழவில்லை. ராத்திரி முழுக்க அந்த மூங்கிலைச் சுற்றியே நின்றான்.

ஆடிக் கொடையின் படங்களில் பட்டை விழுந்தவை பெரும்பாலும் போனதுதான். முகத்தில் குறுக்கே பட்டை விழுந்தால் எதைச் சரிசெய்ய? கோடு விழுந்த சாமியாடிப் படங்களுக்கு மட்டும் ஒரு வேலை செய்தோம். நிழலைத் தூக்கும் ஷேடோஸ் ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டோம். தீப்பந்தம், பாதி முகம், தோள் விளிம்பு, மற்றதெல்லாம் இருட்டு. நடுச்சாமத்துச் சுடலை கோயிலில் வேறு என்ன இருக்கும்? கோடும் அந்த இருட்டோடு போய்விட்டது. கமிட்டிக்காரர்கள் அந்தப் படத்தைத்தான் பெரிதாகக் கேட்டார்கள்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் வழக்கப்படி எஃப் 16-இல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். மேல் இடது மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. கொடைத் திருநீறோ, ரோட்டுப் புழுதியோ. ப்ளோயரால் நாலு ஊது ஊதினேன், போய்விட்டது. அந்தச் சென்சாருக்கு நாங்கள் பார்த்த வைத்தியம் அவ்வளவுதான்.